ஒரு நாளைக்கு ஒரு தப்பு

"டிஜிட்டல் கல்வியின் முன்னோடி. நவீன வகுப்பறைத் தொழில்நுட்பங்களில் ஆழ்ந்த புலமையும் இயல்பான தேர்ச்சியும் கொண்டவர். மாற்றங்களை முதல் ஆளாக நின்று வரவேற்கும் இளமைத் துடிப்பு மிக்கவர்."

பணி நிறைவு விழாவில் கொடுத்த கேடயத்தில் இப்படித்தான் பொறித்திருக்கிறது. அந்தக் கேடயம் இப்போது கணக்கு டீச்சரின் வீட்டில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே ஒரு பிளக் பாயிண்ட். படுக்கப் போகும் முன் அதிலிருந்து டிவியின் பிளக்கைக் கையால் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் முன்னோடி தூங்கப் போவார். ரிமோட்டில் அணைப்பதெல்லாம் அவர் கணக்கில் அணைப்பதே இல்லை. எப்போதோ ஓர் இடி மழையில், ரிமோட்டில் அணைத்து வைத்திருந்த டிவி புகைந்து போயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தச் சாமானும் பிளக்கோடு தூங்கியதில்லை.

"என் நல்ல காலம், எனக்கு வயர் வச்சுப் படைக்கல," என்பார் அவர் வீட்டுக்காரர். நகரப் பேருந்து ஓட்டுநர். நாளெல்லாம் பயணிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதால், வீட்டுக்கு வந்ததும் முகம் பார்த்துப் பேசுகிற ஆவல் அதிகம். "வச்சிருந்தா என்னையும் புடுங்கிச் சுருட்டி வச்சுட்டுத்தான் படுப்பா."

இப்படிப்பட்டவர் முன்னோடியானது ஒரு ஸ்டாஃப் மீட்டிங்கில் வாயைத் திறந்ததால்.

பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வரப்போகிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும் என்று தலைமையாசிரியர் அறிவித்தார். அறையில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். தெரியும் என்று சொன்னால் ஆயுளுக்கும் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். இன்னொருவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஒன்றும் தெரியாத கணக்கு டீச்சர் மட்டும், பொறுப்பான ஒரு குடும்பஸ்திரீக்கு வரவேண்டிய சந்தேகத்தோடு கேட்டார்:

"சார், திடீர்னு அது அணைஞ்சு போச்சுன்னா யாரு பாக்கறது?"

"ரொம்ப நல்ல கேள்வி டீச்சர்," என்றார் தலைமையாசிரியர். பேனாவைத் திறந்தார். "நீங்கதான்."

கைதட்டல் பலமாக இருந்தது. ஜன்னலைப் பார்த்தவர்தான் அதிகம் தட்டினார்.

டீச்சரைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். பள்ளியில் அவரை யாரும் கணக்கு டீச்சர் என்று சொல்வதில்லை. தப்பு டீச்சர் என்றுதான் பெயர். அது கேலி இல்லை, தொழில்முறைப் பட்டம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது கூட்டலில் நிஜமாகவே தவறிவிட்டார். அதுவரை வகுப்பு பாதித் தூக்கத்தில் இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "டீச்சர், அது தப்பு" என்றாள். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் தண்ணீர் தெளித்த மாதிரி எழுந்து உட்கார்ந்தது. எல்லார் கண்ணும் பலகையில். அந்த வருஷத்தில் முதல்முறையாக அத்தனை பேரும் ஒரே வரியைப் படித்தார்கள். டீச்சருக்கு முகம் சிவந்தது. தப்பை அழித்துவிட்டு, "நன்றி, உக்காரு" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே யோசனை. சரியாகச் சொல்லிக் கொடுத்தபோது தூங்கினார்கள். தப்பாகச் சொன்னபோது படித்தார்கள். மறுநாள் வேண்டுமென்றே ஒரு தப்புப் போட்டார்.

அது சட்டமாயிற்று. ஒரு நாளைக்கு ஒரு தப்பு. எங்கே வரும், எப்போது வரும் என்று சொல்ல மாட்டார். கண்டுபிடித்தவருக்குப் பரிசு கிடையாது. "நன்றி, உக்காரு" மட்டும். அந்த நன்றிக்காகப் பிள்ளைகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தார்கள். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்து அன்றைய தப்பைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் கையைத் தூக்கும் முன்னே வெளியேறி, 'பாட அறிவு போதாது' என்று எழுதிவிட்டுப் போனார். அவருக்கும் டீச்சர் மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொண்டார். மனிதர் கவனித்தாரே.

ஸ்மார்ட் போர்டு வந்தது. ஒன்பதாம் வகுப்பில், டீச்சரின் சொந்த வகுப்பில், கரும்பலகை இருந்த இடத்திலேயே மாட்டினார்கள். மாட்ட வந்த ஃபிட்டர் ஒரு பிற்பகல் முழுக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரிப் பேசினார். பிடிக்கத்தான் போகிறார் என்று பிறகு தெரிந்தது. கடைசியாக, எல்லோரும் டீ குடிக்க எழுந்து நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில், அவர் இன்னும் ஏதோ ஒன்றைச் சொன்னார். அது யார் காதிலும் விழவில்லை. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் டீச்சர் போர்டின் முன் நின்று, விரலால் ஒரு பெருக்கலை எழுதினார். விடையில் அன்றைய தப்பைப் போட்டார். போர்டு ஒரு கணம் யோசித்தது. பிறகு அவர் எழுதியதை அழித்துவிட்டுச் சரியான விடையை அச்செழுத்தில் போட்டுக் காட்டியது.

வகுப்பு வாயைப் பிளந்தது. டீச்சர் மறுபடி தப்பாக எழுதினார். போர்டு மறுபடி திருத்தியது.

"என் பொழப்புல மண்ணப் போடுதே இது!" என்றார் டீச்சர் வாய்விட்டே.

முன் பெஞ்சுக் கண்ணாடிக்காரி எழுந்து வந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி என்றெல்லாம் இல்லை. முன் பெஞ்சில் இருந்ததால் போர்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவே. ஓரத்தில் இருந்த பல் சக்கரப் படத்தைத் தொட்டாள். ஒரு பட்டியல் விழுந்தது. இருவரும் குனிந்து வரி வரியாகப் படித்தார்கள். 'தானாகத் திருத்து' என்ற ஒன்றை அணைத்தார்கள்.

ஆக, விலை உயர்ந்த அந்தக் கருவியில் டீச்சர் கற்ற முதல் பாடம், அதன் அறிவை அணைத்து வைப்பது.

"நன்றி, உக்காரு," என்றார்.

அதோடு போர்டைச் சும்மா ஒரு பளபளப்பான கரும்பலகையாக வைத்துக்கொண்டு டீச்சர் ஓய்வு பெறும் வரை ஓட்டியிருப்பார். ஆனால் அந்த வகுப்பில் ஒரு பெண், துணி காயப்போட ஸ்டூலில் ஏறி, ஸ்டூலோடு விழுந்தாள். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்து, படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று அனுப்பினார்கள்.

அவள் அம்மா பள்ளிக்கு வந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். வேலை நடுவில் வந்திருந்ததால் கையில் இன்னும் சூடு இருந்தது.

"கால் உடைஞ்சதுகூடப் பரவாயில்ல டீச்சர். சேந்துடும்னு டாக்டர் சொல்லிட்டார். வருஷம் உடைஞ்சா சேருமா?"

"வருகை குறைஞ்சா பரீட்சை எழுத முடியாதேம்மா. சட்டம் அப்படி."

"இவ தம்பி அடுத்த வருஷம் ஒன்பதாவது வர்றான். இப்பவே கட்டில்ல வந்து ஒட்டி உக்காந்துகிட்டு, 'அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காரு, நாம ஒரே பெஞ்சு'ங்கறான். இவ கால்ல கட்டு இல்லாட்டி அவனுக்கு எலும்பு முறிஞ்சிருக்கும். ரெண்டும் ஒரே கிளாஸ்ல இருந்தா எங்க வீடு வீடா இருக்காது. அதவிட..." என்று நிறுத்தினாள். "அவ படிப்ப விட்டுடறேன்னு சொல்றா டீச்சர். தம்பியோட உக்கார மாட்டாளாம்."

விளையாட்டுப் பேச்சு அங்கே நின்றுபோயிற்று.

போர்டோடு வந்த சுற்றறிக்கையில் ஒரு வழி இருந்தது. உடல்நலமில்லாத பிள்ளை வீட்டிலிருந்தபடியே போர்டு வழியாக வகுப்பில் சேரலாம். அது வருகையாகவே கொள்ளப்படும். காலையில் வகுப்பாசிரியர் திறக்க வேண்டும், மாலையில் அவரே முடிக்க வேண்டும். இடையில் வருகிற மற்ற ஆசிரியர்களுக்கு வேலை இல்லை. தலைமையாசிரியர் சுற்றறிக்கையை டீச்சர் கையில் கொடுத்தார். "ஒருங்கிணைப்பாளர் நீங்கதானே," என்றார், ஏதோ வரம் கொடுப்பவர் போல.

பெண்ணின் அப்பா, வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவர், தன் போனை அவள் வகுப்புக்காக வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். பட்டறைக்கு வருகிறவர்கள் அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தெருவில் நின்று கத்தினார்கள்.

முதல் நாள் காலையில் டீச்சர் சுற்றறிக்கையை மூன்று தடவை படித்தார். வீட்டுக்காரர் பஸ் எடுக்கக் கிளம்பும்போது, "மொத நாள் நான் வண்டி எடுத்தப்ப ஹேண்ட் பிரேக்க எடுக்காமலே ஓட்டினேன். பயணிங்கதான் சொன்னாங்க," என்று ஆறுதல் சொன்னார். அது ஆறுதலா என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை.

போர்டைத் திறந்தார். எதையோ தொட்டார். மூலையில் ஒரு சின்னச் சதுரத்தில் பெண்ணின் முகம் வந்தது. வகுப்பு ஹோவென்று கத்தியது. அவளும் வாயைத் திறந்து கத்தினாள். சத்தம் மட்டும் வரவில்லை.

டீச்சர் மறுபடி எதையெதையோ தொட்டார். அப்போது கடைசி பெஞ்சு நெட்டையன் துள்ளி எழுந்தான்.

"டீச்சர், தப்பு! ஸ்பீக்கர மூடி வச்சிருக்கீங்க!"

அவன் முகத்தில் அந்தப் பழைய வெற்றிக் களிப்பு. வகுப்பு முழுக்க, "ச்சே, நான் சொல்லியிருக்கணும்" என்கிற முனகல். டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் இதையும் அன்றைய தப்பு என்று நினைக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மென்று விழுங்கினார்.

"நன்றி, உக்காரு," என்றார்.

அன்றிலிருந்து டீச்சருக்குத் தப்பு யோசிக்கிற வேலை மிச்சம். காலையில் போர்டைத் திறந்தால் போதும், தப்பு தானாக வரும். திரையைத் தலைகீழாக்கினார், கண்ணாடிக்காரி நிமிர்த்தினாள். பாடப் பக்கத்தை எங்கோ தொலைத்தார். நடு வரிசை தேடிக் கொடுத்தது. ஒருநாள் எழுத்தெல்லாம் எறும்பு அளவு ஆகிவிட்டது. விரல்களை விரித்துப் பெரிதாக்குவதை நெட்டையன் காட்டினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்றி. வருஷக்கணக்காக, தெரிந்ததைத் தெரியாதது போல நடித்து நன்றி சொன்னவர், இப்போது தெரியாததைத் தெரிந்தது போல நடித்து நன்றி சொன்னார். ஆனால் நன்றி மட்டும் இப்போதுதான் சுத்தமான நன்றி. முன்பெல்லாம் அதில் ஆசிரியத்தனம் கொஞ்சம் கலந்திருக்கும்.

வகுப்பு கற்றுக்கொண்டது. டீச்சரும் கற்றுக்கொண்டார். வீட்டில் சமைத்துக்கொண்டே காற்றில் விரலை விரித்துப் பார்த்தார். "யார அளந்து பாக்கற?" என்றார் வீட்டுக்காரர்.

மூலையில் இருந்த பெண்ணுக்கு வகுப்பு 'மூலைக்காரி' என்று பெயர் வைத்தது. அவள் நிலைமை விசித்திரமானது. கேமரா போர்டின் மேலே இருந்ததால், டீச்சர் எழுதுவது அவளுக்குத் திரையில் தெரியும், ஆனால் டீச்சர் முகம் தெரியாது. தெரிவதெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கும் மொத்த வகுப்பு. எந்த ஆசிரியருக்கும் கிடைக்காத பார்வை. பாடம் நடக்கும்போது அந்த முகங்களில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் யாரையும் காட்டிக் கொடுத்ததில்லை. சில சமயம் காரணமில்லாமல் களுக்கென்று சிரிப்பாள், அவ்வளவுதான்.

மாலை மணி அடித்ததும் டீச்சர் கேமராவை அண்ணாந்து பார்த்து, "போய்ட்டு வர்றேம்மா," என்பார். பிறகு, வீட்டு வழக்கப்படி, குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுற்றி வைப்பார்.

தேர்வு நெருங்கியது. யார் யார் எழுதலாம் என்ற பட்டியலை எடுத்த அலுவலக எழுத்தர், தலைமையாசிரியரிடம் காட்ட, தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன டீச்சர், கால் உடைஞ்சதுலேந்து அந்தப் பொண்ணு ஒரு நாள்கூட வரலையே?"

"தினமும் வந்தாளே சார்! நீங்களே எட்டிப் பாத்தீங்களே."

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் ஏறல. சாயங்காலம் 'வகுப்பை முடி'ங்கற பட்டனை அழுத்தினாத்தான் அன்னிக்கு வருகை பதிவாகுமாம். அழுத்துனீங்களா?"

டீச்சர் தன் வலது கையைப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பழகிய கை. நாற்காலிகள் இழுபட்ட சத்தத்தில் ஃபிட்டர் கடைசியாகச் சொன்னது இதுதான்.

"எனக்கு அப்படி ஒரு பட்டன் இருக்கறதே தெரியாது சார்."

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. ஆனால் கம்ப்யூட்டருக்குப் பயப்படுகிறவர். "பதிவுல இல்லன்னா நான் என்ன செய்ய முடியும்?" என்றார்.

டீச்சர் வகுப்புக்கு நடந்தார். போகும் வழியில் ஒன்று மட்டும் புரியவில்லை. தன் ஒவ்வொரு தப்பையும் பிடிக்கிற இந்தப் பிள்ளைகள், தினமும் கண்ணெதிரே நடந்த இதை எப்படி விட்டார்கள்?

போர்டைத் திறந்தார். மூலைக்காரி வந்தாள். டீச்சர் சாக்பீஸ் இல்லாத கையைத் தட்டிக்கொண்டார், பழக்கதோஷம்.

"ஒரு விஷயம் சொல்லணும். இந்தப் போர்டுல நான் பண்ணின தப்பெல்லாம் விளையாட்டுக்குப் பண்ணினதில்ல. எனக்கு நெஜமாவே தெரியல. நீங்க திருத்தினப்பதான் கத்துக்கிட்டேன். அத உங்ககிட்ட சொல்லாம மறைச்சேன். அதுல ஒரு தப்ப நீங்க யாரும் சொல்லல. சாயங்காலம் நான் பிளக்கப் புடுங்கினது. அதனால இவளோட வருகை ஒரு நாள்கூடப் பதிவாகல."

மூலையில் இருந்த முகம் அசையவில்லை. போர்டு உறைந்துவிட்டதோ என்று டீச்சருக்குச் சந்தேகம். உறைந்தது போர்டு இல்லை.

கண்ணாடிக்காரி மெல்ல எழுந்தாள். அழுகிற மாதிரி இருந்தாள்.

"நான் பாத்தேன் டீச்சர். மொத நாளே பாத்தேன். போர்டுல 'வகுப்பை முடி'ன்னு போட்டிருந்துச்சு. நீங்க பிளக்கப் புடுங்கினீங்க."

"ஏம்மா சொல்லல?"

"அன்னிக்குத் தப்பு காலையிலயே கண்டுபிடிச்சாச்சே டீச்சர். ஒரு நாளைக்கு ஒண்ணுதானே."

"நானும் பாத்தேன்," என்றான் நெட்டையன். "நானும்," என்றது நடு வரிசை. வகுப்பே பார்த்திருந்தது. அன்றைய தப்பு பிடிபட்ட பிறகு மீதி எல்லாம் சரி என்று நம்பி, டீச்சரின் சட்டத்தை டீச்சரை விட ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தது.

டீச்சர் முன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்காகத் தப்பைத் தேடச் சொல்லிக் கொடுத்தவர், ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்தவும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"தப்பு என்னோடது," என்றார். "சொன்னதுக்கு நன்றி. எல்லாருக்கும்."

பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்ப இவ்ளோ நாளும் நாங்கதான் உங்களுக்குப் பாடம் எடுத்தோமா டீச்சர்?"

"ஆமாண்டா."

"வீட்டுப்பாடம் குடுக்காம விட்டுட்டமே!"

சிரிப்பு எழுந்தது. மூலையிலிருந்தும் வந்தது, கொஞ்சம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மறுநாள் டீச்சர் கல்வி அலுவலகத்துக்குப் போனார். அங்கே கல்வி அலுவலர் பேனா மூடியைக் கடித்தபடி கேட்டார். சொல்லி முடித்ததும் மூடியை எடுத்தார்.

"யாரோட தப்புங்கறது எனக்கு முக்கியமில்லம்மா. பொண்ணு வந்தாளா, வரலையா? அதுதான் கேள்வி. பதிவு வரலைங்குது. நீங்க வந்தாங்கறீங்க. நான் யாரை நம்பறது?"

"யாரையும் நம்ப வேண்டாம் சார். ஒரு பீரியட் வந்து உக்காந்து, அவகிட்டயே கேளுங்க."

அவர் அதிகாரிகளில் அபூர்வ ரகம். வந்தார்.

முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியர் பதற்றத்தோடு நின்றார். போர்டில் மூலைக்காரி தலையை வாரிப் பின்னி, சீருடை போட்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா போட்ட இஸ்திரி, காலரில் கத்தி மாதிரி நின்றது.

அலுவலர் பாடத்தில் கேள்வி கேட்டார். அவள் சொன்னாள். இன்னொன்று கேட்டார். அதுவும் சொன்னாள். அவர் திருப்திப்படவில்லை.

"இதெல்லாம் புத்தகத்துல இருக்கு. வீட்லயே படிச்சிருக்கலாம். புத்தகத்துல இல்லாதது, இந்த ரூம்ல இருந்தவங்களுக்கு மட்டும் தெரிஞ்சது, ஏதாவது சொல்லு."

அவள் கண் வகுப்பு மேல் ஓடியது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே உட்கார்ந்திருந்தது. வகுப்பும் அதைப் புரிந்துகொண்டது. அங்கே இங்கே நெளிந்தது.

அவளுடைய பெஞ்சுத் தோழிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சொல்லுடி. என்னோடதுலேந்தே ஆரம்பி."

"முக்கோணம் நடத்துனப்ப," என்றாள் மூலைக்காரி, தயங்கித் தயங்கி, "இவ டெஸ்குக்குக் கீழ டிபன் பாக்ஸத் தொறந்து சாப்பிட்டா சார். மூணு பீரியடும் சாப்பிட்டா."

அலுவலர் திரும்பினார். "உண்மையா?"

தோழி எழுந்தாள். "உண்மை சார். கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிட்டேன்."

"நன்றி, உக்காரு," என்றார் டீச்சர், தன்னை அறியாமலே.

அதற்குப் பிறகு அணை உடைந்தது. வரைபடம் போட்ட அன்று நெட்டையன் புத்தகத்தை நிமிர்த்தி வைத்து அதன் பின்னால் தூங்கினான். "உண்மை சார். கனவுகூட வந்துச்சு." நன்றி, உக்காரு. கண்ணாடிக்காரி கணக்குப் பீரியடில் வரலாறு எழுதினாள். அவள் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தலையாட்டினாள். நன்றி. இரண்டு பேர் ஜாமெட்ரிப் பெட்டியை இழுத்துப் பிடித்துச் சண்டை போட்டார்கள். இருவரும் ஒன்றாக எழுந்து, யார் முதலில் இழுத்தது என்று அங்கேயே மறுபடி ஆரம்பித்தார்கள். தினமும் திட்டு வாங்காமல் தப்பிக்கிற பிள்ளைகள், ஒருவர் பின் ஒருவராக எழுந்து, கேட்காத கேள்விக்கும் சேர்த்து ஒத்துக்கொண்டார்கள். ஒருவன் தன் பெயர் வராததால் தானாகவே எழுந்து, "நான் பென்சிலைக் கடிச்சேன் சார், அவ பாத்திருப்பா," என்றான். "பாத்தேன்," என்றாள் அவள்.

"வேற?"

"ஒருநாள் ஹெச்.எம். சார் வாசல்ல நின்னு பாத்தாரு சார். தேற்றம் நடந்துகிட்டிருந்துச்சு. கொட்டாவி விட்டாரு. ரெண்டு தடவ."

அலுவலர் தலைமையாசிரியரைப் பார்த்தார்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். கம்ப்யூட்டருக்குப் பயப்படுகிற அந்த மனிதர், அன்று எதற்குமே பயப்படவில்லை. "உண்மைதான் சார்," என்றார். "பெரிய கொட்டாவி."

"நன்றி, உக்காருங்க சார்," என்றார் டீச்சர்.

அவர் உட்கார்ந்தார். முன் பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவில்.

"கடைசியா ஒண்ணு சார்," என்றாள் மூலைக்காரி. குரல் இறங்கியது. "எனக்கு இதுல டீச்சர் முகம் தெரியவே தெரியாது. பாடம் நடத்துறப்ப குரல் மட்டும்தான். சாயங்காலம் மட்டும் அண்ணாந்து பாத்து, 'போய்ட்டு வர்றேம்மா'ம்பாங்க. அப்பத் தெரியும். அதுக்கப்புறம் எல்லாம் கறுப்பாயிடும். ஒருநாள்கூடச் சொல்லாமப் போனதில்ல."

அலுவலர் பேனா மூடியை வெகுநேரம் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை எடுத்து, தான் நேரில் விசாரித்து உறுதி செய்ததாகவும், மாணவி தவறாமல் வகுப்பில் இருந்ததாகவும், தேர்வு எழுத அனுமதிப்பதாகவும் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தோழி கையைத் தூக்கினாள்.

"சார், தப்பு. அது நேத்துத் தேதி."

அவர் பார்த்தார். அடித்துத் திருத்தினார். மூடியைப் பேனாவில் செருகிவிட்டு, "நன்றி," என்றார்.

அன்று மாலை மொத்த வகுப்பும் கிளம்பாமல் நின்றது. டீச்சர் அண்ணாந்து பார்த்து, "போய்ட்டு வர்றேம்மா," என்றார். விரலை நீட்டி 'வகுப்பை முடி' என்பதைத் தொட்டார். 'பதிவு செய்யப்பட்டது' என்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு அவர் பிளக்கையும் பிடுங்கினார். அதை யாராலும் மாற்ற முடியவில்லை.

சட்டத்தை மட்டும் மாற்றினார். "இனிமே ஒரு நாளைக்கு எத்தனை தப்புன்னு சொல்ல மாட்டேன். வேணும்னு போட்டதும் இருக்கும், தெரியாமப் போட்டதும் இருக்கும். எது எதுன்னு எனக்கே தெரியாமலும் இருக்கும். ஒண்ணு கிடைச்சாலும் தேடறத நிறுத்தாதீங்க."

மூலைக்காரி ஊன்றுகோலோடு தேர்வுக்கு வந்தாள். டீச்சரை நேரில் பார்த்ததும், "நீங்க இவ்ளோ உயரமா டீச்சர்?" என்றாள், முன்னே பார்க்காதவள் போல. அடுத்த வருஷம் அவள் தம்பி ஒன்பதாவதுக்குத் தனியாக வந்து சேர்ந்தான். அக்கா இல்லாத பெஞ்சில் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் உட்கார்ந்தான் என்று கேள்வி.

அலுவலரின் அறிக்கை மேலே போகப் போகப் பெருத்தது. 'வீட்டிலிருக்கும் மாணவியை வகுப்போடு இணைத்த புதுமை' என்று ஒருவர் எழுத, 'தொழில்நுட்ப வல்லுநர்' என்று இன்னொருவர் சேர்க்க, பணி நிறைவு விழாவுக்குள் அது கேடயத்தின் அளவுக்கு வளர்ந்துவிட்டது. விழா மேடையில் மைக்கைக் கையில் வாங்கிய டீச்சர் பேச ஆரம்பித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கூட்டத்திலிருந்து பழைய மாணவர்கள் ஒரே குரலில், "டீச்சர், தப்பு!" என்றார்கள். அவர் ஸ்விட்சைப் போட்டு, "நன்றி, உக்காருங்க," என்றார். தயாரித்து வந்த உரையில் அதற்கு மேல் முக்கியமாக எதுவும் இல்லாததால் அதோடு முடித்துக்கொண்டார்.

இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். வீட்டுக்காரரிடம் இல்லை, டிரைவிங் ஸ்கூலில். "கட்டினவர்கிட்ட கத்துக்கிட்டா வண்டி நேரா போகும், குடும்பம் ரிவர்ஸ்ல போகும்," என்று விளக்கம். சொல்லித் தருகிற பையனுக்கு மூலைக்காரியை விட இரண்டு வயதுதான் கூட இருக்கும். அவன் ஒவ்வொரு முறை "கிளட்ச் மேடம், கிளட்ச்!" என்று அலறும்போதும் டீச்சர் பொறுமையாக நன்றி சொல்கிறார். முதல் வாரம் அவன் அதைக் கிண்டல் என்று நினைத்தான். இப்போது பழகிவிட்டது, பதிலுக்கு அவனும் சொல்கிறான்.

கேடயத்தில் இருப்பது பற்றிக் கேட்டால், "அது வேற யாரோ. நல்லா இருக்கட்டும்," என்பார்.

அவர் செய்தது இதுதான்: தனக்குத் தெரியாத ஒன்றைத் தன்னிடம் படித்த பிள்ளைகளிடமிருந்தே கற்றுக்கொண்டார், தன் தப்பால் ஒரு பெண்ணின் வருஷம் போக இருந்தபோது, அதை அவர்கள் முன்னாலேயே ஒத்துக்கொண்டார், அந்தப் பெண் தன் வகுப்போடு சேர்ந்து தேர்வு எழுதினாள்.